ஷெர்லி மிஸ் சொன்ன வெரி குட்

போல்டன்புரம், தூத்துக்குடி
16-6-2024

கர்த்தருக்குள் பிரியமான தம்பி பிரைட்டனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அங்கே பாரதீப்பில் நீயும் உமாராணியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். புது வீட்டு முகவரியை நீ இன்னும் தரவில்லை, அதனால் துறைமுக ஆபீஸ் முகவரிக்கே போடுகிறேன். வீடு எப்படி இருக்கிறது? கடல் காற்று வருகிறதா? உமாவுக்குப் பிடித்திருக்கிறதா?

போனை எடுத்தால் முடிகிற காரியத்துக்கு அக்கா தபால்தலை ஒட்டுகிறாளே என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. போன வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் என்னிடம். பாடத்தில் கடிதம் எழுதும் பயிற்சி வருகிறது. ‘உங்களில் யார் வீட்டுக்காவது கடிதம் வந்திருக்கிறதா?’ என்று கேட்டேன். நாற்பத்தொரு பேரில் ஒரு கைகூட உயரவில்லை. கண்ணால் பார்க்காத ஒன்றை எழுதச் சொல்லிப் பரீட்சை வைக்கிறோம். அதனால் இந்த வருஷம் நீ எனக்குக் கடிதம்தான் போட வேண்டும். உறையை வகுப்பில் காட்டுவேன். என் போனிலும் பேச்சு சரியாக விழுவதில்லை, கடையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளில் பாதிப்பேர் உப்பளத்துக் குடும்பம். ஆங்கிலத்தில் வாயைத் திறக்கச் சொன்னால் பெஞ்சுக்கு அடியில் ஒளிகிறார்கள். இசக்கிசெல்வி என்று ஒருத்தி மட்டும் நான் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறாள். இந்த ஆண்டு வாய்ப்பதிலைக் குறைத்து, எல்லோரையும் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். வகுப்பும் அமைதியாக இருக்கிறது.

உமாவுக்கு என் அன்பு. அவளுக்கு இப்போது என்மேல் வருத்தம் இல்லையே?

உன் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்திருக்கும்,
ஷெர்லி அக்கா

*

பாரதீப்
9-7-2024

அக்காவுக்கு,

நலம். நீ நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

இங்கே மழை பிடித்துவிட்டது. நிலக்கரிக் கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன. கிரேன் கேபினில் ஏறினால் எட்டு மணி நேரம் கழித்துத்தான் இறங்குகிறேன். பேச ஆள் கிடையாது, ஒயர்லெஸ்தான்.

உறை கேட்டாய், அனுப்பியிருக்கிறேன். ஒரிசா தபால் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். வீடு இருக்கிறது.

பிரைட்டன்

*

தூத்துக்குடி
21-7-2024

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து நான்கு நாளாகிறது. இன்று ஞாயிறு, கோயில் முடிந்து வந்து எழுத உட்கார்ந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள். எட்டு மணி நேரம் மேலேயே உட்கார்ந்திருந்தால் முதுகு என்ன ஆகும்?

உறை வகுப்பு முழுவதும் சுற்றி வந்தது. ஒருத்தன் மோந்து பார்த்தான். ‘மிஸ், உள்ள என்ன எழுதியிருக்காவ?’ என்று சிலேட்டில் எழுதிக் கேட்டாள் இசக்கிசெல்வி. வாசித்துக் காட்டத்தான் நினைத்தேன். ஆனால் நீ எழுதியதில் வாசித்துக் காட்ட அதிகம் இல்லை. ‘அவர் நலம், மழை பெய்கிறது’ என்று சொன்னேன்.

போன புதன்கிழமை ‘பேர்ல்’ என்ற சொல் வந்தது. முத்துக்குளித்துறையில் பிறந்த பிள்ளைகள், பொருள் தெரியாமலா இருக்கும் என்று கேட்டால், சென்னைக்குப் போகும் நம் ஊர் ரயிலின் பெயரில் அந்தச் சொல் இருப்பதால், சிலேட்டுகளில் பாதிக்கு மேல் ‘ட்ரெயின்’ என்று இருந்தது! நிஜ முத்தைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. நானும்தான் பார்த்ததில்லை என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சில நாள் ஏன் சிரிக்கிறார்கள் என்றே புரிவதில்லை. போன வாரம் பின்பெஞ்சில் ஒரு பையன் எழுந்து ஏதோ சொன்னான். நான் ‘சிட் டவுன்’ என்றேன். வகுப்பே குலுங்கியது. அவன் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டிருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே துறைமுகச் சாலை, கண்டெய்னர் லாரிகள் போனபடி இருக்கின்றன. அந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் என்ன கேட்கும்?

உமா ஒரு வரி எழுதலாமே. கேட்டேன் என்று சொல்.

ஆசீர்வாதங்களுடன்,
அக்கா

*

தூத்துக்குடி
18-8-2024

பிரியமுள்ள பிரைட்டனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. வேலை அதிகம் என்று எடுத்துக்கொள்கிறேன். சுகம்தானே? நான் இருக்கிறேன். அவ்வப்போது தலைவலி, வேறொன்றும் இல்லை.

மாதா கோயில் திருவிழா முடிந்தது. ஐந்தாம் தேதி ஊரே திரண்டிருந்தது. நானும் கூட்டத்தோடு கொஞ்ச நேரம் நின்றேன். இந்த வருஷம் வெடி, மேளம் எல்லாம் குறைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அமைதியாக நடந்தது.

வீட்டில் நான் ஒருத்தி. மாலை ஐந்து மணிக்கு வந்தால் மறுநாள் காலை வரை வாய் திறக்கத் தேவையில்லை. சில நாள் நானே பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் கதவைத் தட்டி, ‘ஏன் டீச்சர் இப்படிக் கத்துதீய, யார்கூட சண்ட?’ என்று கேட்டார்கள்.

இரண்டு வரியாவது எழுது.

அக்கா

*

பாரதீப்
12-9-2024

அக்காவுக்கு,

மூன்று தடவை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

என்னோடு படித்த பெனிஸ்டன் நேற்றுப் பேசினான். பழைய பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்துப் பின்னாலேயே ‘ஷெர்லிக்கா, ஷெர்லிக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தானாம். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாயாம். ‘ஒங்க அக்காவுக்கு இப்ப நம்மளயெல்லாம் கண்ணு தெரியாது போலிருக்கு’ என்றான்.

திருவிழா வெடியில் தன் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஆடியது என்றும் சொன்னான். நீ அமைதியாக நடந்தது என்கிறாய். எந்த ஊரில் இருக்கிறாய் நீ?

அக்கா, உனக்கு உன் வகுப்பு, உன் பிள்ளைகள் போதும். மற்றவர்கள் என்ன சொன்னாலும் உன் காதில் ஏறாது. ஏறினாலும் உனக்கு எது சந்தோஷமோ அதைத்தான் சொல்வாய். எனக்கு அது தெரிந்துவிட்டது.

உமாவைப் பற்றி இனி விசாரிக்க வேண்டாம்.

பிரைட்டன்

*

தூத்துக்குடி
20-10-2024

தம்பி பிரைட்டனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உன் கடிதத்தை ஒரு மாதமாகப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். பெனிஸ்டனிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அன்று தலைவலி, எதையும் கவனிக்கவில்லை. உமாவை விசாரிப்பது ஏன் தவறு என்று மட்டும் புரியவில்லை. அவள் வேண்டாம் என்றாளா? உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நான் சொன்ன வார்த்தைகளை அவள் மறக்கவில்லை போலிருக்கிறது. ஜாதியும் மதமும் பேசினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. விடு.

வேறு யாரிடமும் சொல்ல இல்லாததால் உன்னிடம் சொல்கிறேன். இசக்கிசெல்வி பள்ளிக்கு வருவதில்லை. காலாண்டுப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் வராந்தாவில் என்னைத் தேடி வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்று, யாரும் கேட்காமல் அவளாகவே ஆங்கிலத்தில் பேசினாள். இரண்டு முழு வாக்கியம்! இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு உப்பளத்துப் பிள்ளை தானாக வந்து என்னிடம் ஆங்கிலத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ‘வெரி குட், இசக்கி. வெரி வெரி குட்’ என்று தோளில் தட்டினேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுப் போனாள்.

லீவு முடிந்து இரண்டு வாரமாகிறது. அவள் பெஞ்சு காலி. என்னவென்று தெரியவில்லை.

அக்கா

*

ஹாஸ்டல், கயத்தாறு தாண்டி
2-11-2024

டியர் மிஸ்,

ஐ ஆம் ஃபைன். ஹவ் ஆர் யூ?

இந்த வரியை நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். மிச்சத்தைத் தமிழில் எழுதுகிறேன் மிஸ். தேதி, இடம் சரியான இடத்தில் போட்டிருக்கிறேனா?

நான் நூல் மில்லில் இருக்கிறேன். தீபாவளிக்கு எங்களை வீட்டுக்கு விடவில்லை. சாப்பாட்டில் ஆளுக்கு ஒரு லட்டு வைத்தார்கள். பஞ்சு மூக்கில் ஏறி இருமல் வருகிறது. மெஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவள் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் நான் வாய்விட்டு ஆங்கிலம் சொல்லிப் பார்ப்பேன். யாருக்கும் கேட்காது.

மிஸ், ஒன்று கேட்க வேண்டும். பரீட்சை முடிந்த அன்று உங்களிடம் சொன்னேனே, ‘மை மதர் இஸ் செண்டிங் மீ டு த மில். ப்ளீஸ் டாக் டு மை மதர்’ என்று. இரண்டு நாள் மனப்பாடம் செய்து வந்து சொன்னேன். தமிழில் சொன்னால் அழுகை வந்துவிடும் என்றுதான் ஆங்கிலத்தில் சொன்னேன். நீங்கள் வெரி குட் என்றீர்கள். வாக்கியத்தில் தப்பு இல்லை என்பதற்காகச் சொன்னீர்களா, மில்லுக்குப் போவது நல்லது என்று சொன்னீர்களா? எனக்குப் புரியவில்லை. ‘மிஸ்கிட்ட சொன்னியா?’ என்று அம்மா கேட்டாள். வெரி குட் சொன்னாங்க என்றேன். அம்மாவுக்கு நிம்மதியாகிவிட்டது.

கோபம் இல்லை மிஸ். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

யுவர்ஸ் ஒபீடியன்ட்லி,
மு. இசக்கிசெல்வி, பத்தாம் வகுப்பு

*

தூத்துக்குடி
10-11-2024

என் உயிரான தம்பிக்கு,

சுகம் விசாரிக்கும் தைரியம் இன்று இல்லை. இதோடு ஒரு பிள்ளை எழுதிய கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன். முதலில் அதை வாசி. பிறகு இதை வாசி.

எனக்குக் காது கேட்கவில்லை, பிரைட்டன்.

வலது காது முழுவதும் போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. போன ஜனவரியில் பாளையங்கோட்டையில் டாக்டரிடம் காட்டினேன். நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, திரும்ப வராது, மெஷின் வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம் என்றார். அந்தச் சீட்டை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

அதற்கும் முந்திய வருஷமே தொடங்கியது. முதலில் போனது ‘ஸ்’ சத்தம். ‘ஹீ கோஸ்’ என்பதற்கு ‘ஹீ கோ’ என்பார்கள் நம் பிள்ளைகள். இருபது வருஷமாக நான் திருத்திய தவறு அது. ஒருநாள் வகுப்பு முழுவதும் ‘ஹீ கோ’ என்றே சொல்வதுபோல இருந்தது. திட்டினேன். ‘மிஸ், கோஸ்னுதான் சொல்லுதோம்’ என்றார்கள். அவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதன்பிறகு யார் சரி, யார் தவறு என்று எனக்குத் தெரியாமல் போனது. அதனால்தான் சிலேட்டு. அதனால்தான் கடிதம். பிள்ளைகளுக்கு உறை காட்ட வேண்டும் என்று உனக்கு எழுதியது பாதிதான் உண்மை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ உடனே கூப்பிடுவாய் என்று பயந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கணக்கு வாத்தியாருக்குக் காது போனாலும் கணக்கு கரும்பலகையில் இருக்கும். பேசக் கற்றுக்கொடுக்கிறவளுக்குக் காது போனால் அவளை எதற்கு வைத்திருக்க வேண்டும்? எனக்கு அந்த வகுப்பைத் தவிர வேறு என்ன இருக்கிறது? ‘செவிட்டு மிஸ்’ என்று பெயர் வைப்பார்கள். உன்னிடம் சொன்னால் ‘எங்களோடு வந்து இரு’ என்பாய். உமாவை வேண்டாம் என்று சொன்ன நான் எந்த முகத்தோடு அவள் வீட்டில் வந்து உட்காருவேன்?

யார் என்ன சொன்னாலும் வாயசைவைப் பார்ப்பேன். புரியாவிட்டால் சிரித்து ‘நல்லது’ என்பேன். ‘வெரி குட்’ என்பேன். நல்ல வார்த்தை சொன்னால் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். அன்று இசக்கி பேசியது ஆங்கிலம் என்று மட்டும் உதட்டைப் பார்த்துத் தெரிந்தது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. என் சந்தோஷத்தில் நான் இருந்தேன்.

இப்போது ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. ஏப்ரலில் நாம் கடைசியாகப் போனில் பேசினோம். உன்னிடமும் இப்படி எதற்காவது ‘நல்லது’ என்று சொல்லிவிட்டேனா? இருந்தால் மறைக்காமல் எழுது. எதுவானாலும் எழுது.

அக்கா

*

தூத்துக்குடி
1-12-2024

பிரைட்டனுக்கு,

நீ நலமா? பதில் வரவில்லை. வராவிட்டாலும் எழுதுகிறேன். நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்.

முதலில் தலைமையாசிரியர் சிவனணைந்தபெருமாளிடம் போனேன். டாக்டர் சீட்டையும் இசக்கியின் கடிதத்தையும் மேசையில் வைத்தேன். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எனக்குப் புரியட்டும் என்று ஒரு தாளில் எழுதினார்: ‘பத்து மாசமா இதை மறைச்சுக்கிட்டா பாடம் எடுத்தீங்க?’ ஆமாம் என்றேன். வேலை போகுமா என்று கேட்டேன். போகாது, ஆனால் வாய்மொழித் தேர்வை வேறு ஆசிரியருக்குக் கொடுத்துவிடுவேன் என்று எழுதினார். பிறகு அதற்குக் கீழே, ‘முதல்ல அந்தப் பிள்ளைய கூட்டிட்டு வாங்க’ என்று எழுதிக் கோடு போட்டார்.

அன்று சாயங்காலமே முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்துக்குப் போனேன். இசக்கியின் அம்மா முத்துக்கனி தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வந்தாள். கால் இரண்டும் புண்ணாகி, துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டுக் கும்பிட்டாள். ‘டீச்சர் எங்கன இவ்வளவு தூரம்?’ என்றாள். வெயிலில் அவள் உதடு நன்றாகத் தெரிந்தது.

‘உங்க பிள்ளைய ஏம்மா அனுப்பினீங்க?’ என்றேன்.

அவள் முகம் மாறியது. ‘நீங்கதான நல்லதுன்னு சொன்னீகளாம். படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அனுப்பிட்டேன். எங்கால் இனி அளத்துல நிக்காது டீச்சர். நான் ஒத்தையில கெடந்து என்ன செய்ய?’

‘எனக்குக் காது கேக்காதும்மா. அவ சொன்னது என் காதுல விழல. விழாமலே சொல்லிட்டேன்.’

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படுவாள், திட்டுவாள் என்று நின்றேன். அவள் உப்பு ஒட்டிய கையால் என் காதைத் தொட்டுப் பார்த்தாள், ஏதோ காயத்தைத் தொடுவதுபோல. பிறகு கூடையைக் கவிழ்த்துவிட்டு, ‘என்னைக்குப் போணும்?’ என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். நான் பள்ளிப் பதிவேட்டின் நகலைக் கொண்டுபோயிருந்தேன். மில் வாசலில் முதலில் உள்ளே விடவில்லை. அவள் வயது பதினெட்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நகலில் பதினைந்து என்று இருப்பதைக் காட்டியதும் மேலாளர் எழுந்து உள்ளே போனார். அரை மணி நேரத்தில் இசக்கி பையோடு வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். என்னிடம் வரவில்லை.

பஸ்ஸில் வழி முழுவதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். அவளிடமும் சொன்னேன், காதில் விழாமல்தான் ‘வெரி குட்’ சொன்னேன் என்று. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

நீ ஏன் மௌனமாக இருக்கிறாய், தம்பி?

அக்கா

*

பாரதீப்
14-12-2024

அக்கா,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்தை வாசித்துவிட்டுப் பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

கேட்டாய், சொல்கிறேன். ஏப்ரல் பதினான்காம் தேதி மத்தியானம் உனக்குப் போன் செய்தேன். ‘உமா வீட்டை விட்டுப் போயிட்டா அக்கா, இனி வரமாட்டாளாம்’ என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆகியிருந்தது. உலகத்தில் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நீ, ‘ரொம்ப சந்தோஷம் தம்பி. கர்த்தர் நல்லதுதான் செஞ்சிருக்கார்’ என்றாய்.

நான் போனை வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன் நீ சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷமும் இதற்காகத்தான் காத்திருந்தாளா என்று நினைத்தேன். அதன்பிறகு நீ ஒவ்வொரு கடிதத்திலும் உமா சுகமா, புது வீடு எப்படி என்று கேட்டாய். கேலி செய்கிறாய் என்றே நினைத்தேன். என் அக்கா அப்படிப்பட்டவளா என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. அதுதான் இப்போது வலிக்கிறது. உன் காது கேட்கவில்லை. எனக்கு என்ன கேடு?

வீட்டில் நானும் ஒரு ஃபேனும். சமைப்பதை விட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளை படிக்கட்டும்.

பிரைட்டன்

*

தூத்துக்குடி
19-1-2025

என் பிரைட்டனுக்கு,

ஒன்பது மாதமாக நீ தனியாக இருந்திருக்கிறாய். நான் இங்கே ஒவ்வொரு ஞாயிறும் உன் குடும்பத்துக்கு ஜெபித்துக்கொண்டிருந்தேன். எந்தக் குடும்பத்துக்கு?

அன்று என் காதில் விழுந்தது மூன்றே சொல். உமா, வீடு, போயாச்சு. நீங்கள் குவார்ட்டர்ஸை விட்டுப் புது வீடு பார்த்துக்கொண்டிருந்தீர்கள் இல்லையா? குடி போயாகிவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில், அன்று சாயங்காலம் பால் வாங்கிப் பாயசம் வைத்துச் சாப்பிட்டேன், பிரைட்டன். இதை எழுதாமலே இருந்திருக்கலாம். ஆனால் இனி உன்னிடம் எதையும் மறைப்பதில்லை.

காதுக்கு மெஷின் வாங்கிவிட்டேன். இடது காதுக்கு மட்டும். எதிரே உட்கார்ந்து பேசினால் பாதி புரிகிறது, மீதியை வாய் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறேன். போனில் மட்டும் முடியவில்லை. கடையில் சோதித்துப் பார்த்தேன், இரைச்சல்தான் வருகிறது. அதனால் உன் குரலைக் கேட்க எனக்கு வழியில்லை.

வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ‘எனக்குக் காது கேட்காது. பேசும்போது என் முகத்தைப் பாருங்கள். நான் தப்பாகப் பதில் சொன்னால் மறுபடியும் சொல்லுங்கள்’ என்று. இப்போது இரண்டொருவர் என்னைப்போலத் தலையைச் சாய்த்து நடித்துக் காட்டுகிறார்கள். பார்க்கிறேன். பார்த்தாலும் பாடம் நடக்கிறது.

இசக்கிக்கு மில் இருமல் தணிய இத்தனை நாளாகி, பொங்கலுக்கு முந்தின வாரம்தான் வகுப்புக்கு வந்தாள். முன்போல முதல் பெஞ்சில் உட்காரவில்லை, மூன்றாவதில் உட்கார்ந்தாள். இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. பொங்கல் லீவு விட்ட அன்று வகுப்பு முடிந்ததும் எல்லோரும் போகட்டும் என்று நின்றாள். நேராக என் முன்னால் வந்து, ஒவ்வொரு சொல்லாக, வாயை அகலத் திறந்து, ‘மிஸ், ஐ – மிஸ்டு – சிக்ஸ்டி – டேஸ் – லெசன்ஸ்’ என்றாள். தமிழில், ‘கேக்குதா மிஸ்?’ என்றாள். இந்தத் தடவை ‘வெரி குட்’ சொல்லவில்லை. அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். சரிதான் என்று தலையாட்டினாள். நாளை பள்ளி திறந்ததும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விட்டுப்போன பாடங்களைத் தொடங்குகிறோம். அவள் அம்மாவுக்கும் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் உதவி வேலை கிடைத்திருக்கிறது. உட்கார்ந்து காய் நறுக்குகிற வேலை, காலை ஊன்றி நிற்க வேண்டியதில்லை.

உடன்குடியில் உமாவின் அம்மா வீட்டுக்கு நான் போகட்டுமா? அவளிடம் மன்னிப்புக் கேட்கட்டுமா? நீ சொன்னால்தான் போவேன்.

சமைத்துச் சாப்பிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அக்கா

*

பாரதீப்
2-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நேற்றிலிருந்து சமைக்கிறேன். சோறு குழைந்துவிட்டது, ரசம் பரவாயில்லை.

உடன்குடிக்குப் போக வேண்டாம். உமா இப்போது அங்கே இல்லை. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் போனது உன்னால் இல்லை. கிரேனுக்கு மேலே எட்டு மணி நேரம் வாய் திறக்காமல் இருக்கிறவன், வீட்டுக்கு வந்தும் அப்படியே இருந்தேன். அவள் எத்தனையோ தடவை பேசிப் பார்த்தாள். அதையெல்லாம் கடிதத்தில் எழுத வரவில்லை, அக்கா. வாயால் சொல்ல வேண்டும். சரிசெய்து தரச் சொல்லிக் கேட்கவில்லை. நீ கேட்டால் போதும்.

பதினைந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. எட்டாம் தேதி இங்கிருந்து கிளம்பிச் சென்னை வந்து, பத்தாம் தேதி காலை தூத்துக்குடி ஸ்டேஷனில் இறங்குகிறேன். நீ வர வேண்டாம் என்றாலும் வருவாய் என்று தெரியும்.

துறைமுக ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸிடம் கேட்டேன், காது கேட்காதவர்களிடம் எப்படிப் பேசுவது என்று. வெளிச்சத்தில் நின்று, மெதுவாக, உதடு தெரியும்படி பேச வேண்டும் என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘முதலில் இந்த மீசை உதட்டை மூடுகிறது’ என்றாள். இன்று காலை அதை எடுத்துவிட்டேன். பத்தொன்பது வருஷ மீசை. கண்ணாடியில் யாரோ ஒருவன் நிற்கிறான்.

ஆகவே ரயில் நின்றதும் பெட்டி பெட்டியாகத் தேடாதே. கூப்பிடவும் மாட்டேன். முகம் தெரியாத ஆள் ஒருவன் வெளிச்சமான இடமாகப் பார்த்து உன் எதிரே வந்து நிற்பான். பயந்துவிடாதே.

உன் தம்பி,
பிரைட்டன்